தொப்பி வந்தாச்சு... மார்க் வரலே!

அண்ணாச்சி வீட்டு விசேஷத்தில் தெருவே கேட்ட கேள்வி

பெரம்பூர் பக்கம் ஒரு சின்னத் தெரு. முனையில் ஒரு மளிகைக் கடை. காலை 5-30 மணிக்குத் திறந்தால் இரவு 10-30க்குத்தான் ஷட்டர் இறங்கும். தீபாவளி, பொங்கலுக்குக் கூட அரை நாள்தான் லீவு.

அந்தக் கடை கடந்த மே மாதம் சேர்ந்தாற்போல 3 நாள் மூடிக் கிடந்தது!

பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். "அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர். "ஊரிலே யாராவது தவறிட்டாங்களோ?" என்றார் இன்னொருவர்.

நாலாவது நாள் கடை திறந்தது. கல்லாவுக்கு மேலே சாமி படம். அதன் பக்கத்தில் புதிதாக ஒரு போட்டோ. கறுப்பு அங்கி, தலையில் சதுரமாய் ஒரு தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். சிரித்துக் கொண்டு நின்றது அண்ணாச்சியின் மகள்!

"பாப்பா பட்டம் வாங்கிட்டாளா?"

"ஆமா."

"அதுக்கு 18 வயசுதானே ஆகுது?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. சர்க்கரையை நிறுத்துக் கொண்டிருந்தார்.

மலை மேல் பள்ளிக்கூடம்

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமை. 25 வருடங்களுக்கு முன்பு சென்னைக்கு வந்தவர். ஒரு மகன், ஒரு மகள். மகன் பிளஸ் 2வில் கணக்கில் தவறியதும் கடைக்கு வந்து விட்டான். மகள் படிப்பில் கெட்டி.

அவள் 10வது படித்தபோது, பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு விண்ணப்பம் கொண்டு வந்து கொடுத்தார். வெளி மாநிலத்தில், மலை மேல் உள்ள ஒரு சர்வதேசப் பள்ளி. பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற இடம். பணம் கட்டிப் படிப்பதென்றால் வருடத்துக்குப் பல லட்சம் ஆகும். ஆனால் வசதி இல்லாத, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு.

கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். பேசினாள். இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் பள்ளியின் பொறுப்பு. ரெயில் செலவும் கைச்செலவும் மட்டும் அண்ணாச்சியின் பொறுப்பு.

"அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லை சார்" என்று அண்ணாச்சி நம்மிடம் சொன்னார். "பொம்பளைப் பிள்ளை, அவ்வளவு தூரம். என் மகன்தான் விடலை. 'நான்தான் படிக்கலை, அவளாவது போகட்டும்'னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தான்."

(தன் பெயரும் பள்ளியின் பெயரும் பத்திரிகையில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக் கொண்டார். அதனால் போடவில்லை.)

2 வருடம் ஓடியது. கடந்த மே மாதக் கடைசியில் அங்கே பட்டமளிப்பு விழா. "பெற்றோர் வர வேண்டும்" என்று கடிதம் வந்தது. சென்ட்ரலில் ரெயில் ஏறினார்கள், குடும்பத்தோடு. கடைக்கு 3 நாள் பூட்டு!

"சடைக் குஞ்சலம்"

விழாவில் பேண்டு வாத்தியம் முழங்கியது. 19 வயதுப் பையன்களும் பெண்களும் வரிசையாக நடந்து வந்தார்கள். மேடையில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் தொப்பியில் தொங்கும் குஞ்சத்தை வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் தொப்பியைத் தூக்கி வானத்தில் எறிந்தார்கள்!

அண்ணாச்சியின் தாயாருக்கு 78 வயது. அந்தத் தொப்பியை வீட்டில் கையில் வாங்கிப் பார்த்தார். "சடைக் குஞ்சலத்தைப் பலகையிலே கட்டித் தொங்க விட்டிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தத் தொப்பிச் சடங்கு வெள்ளைக்காரர் வழக்கம். அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு முடித்தாலே அதைப் 'பட்டம் பெறுதல்' என்றுதான் சொல்வார்கள். அங்கி, தொப்பி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே உண்டு. நம் ஊரிலோ பி.ஏ., பி.எஸ்.சி. முடித்தவர்தான் பட்டதாரி. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது!

அந்த விழாக்களில் வழக்கமாக வாசிக்கும் நடை இசையை அமைத்தவர் எட்வர்ட் எல்கர் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1901. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1905ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் அதை வாசித்தார்கள். அது முதல் பிடித்துக் கொண்டது. தொப்பி எறியும் வழக்கம் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1912ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். பயிற்சி முடித்தவர்களுக்குப் புது அதிகாரித் தொப்பி கிடைத்தது. பழைய தொப்பி எதற்கு? எறிந்து விட்டார்கள்!

அதே 1901ல்தான் நம் கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. பின்னாளில் அதுவே கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆனது. 'ஐ.பி. டிப்ளமா' என்ற சர்வதேசப் படிப்பை இந்தியாவில் முதலில் கொண்டு வந்ததும் அந்தப் பள்ளிதான். ஆண்டு 1976.

கேசரியும் கேள்வியும்

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பந்தல். தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் கேசரி, போண்டா, காபி. மகளை மறுபடி அங்கியும் தொப்பியும் போட்டுக் கொள்ளச் சொன்னார்கள். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் போட்டுக் கொண்டாள்.

எதிர் வீட்டில் ஐ.சி.எப்.பில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். அவர் கேசரியை ஒரு வாய் போட்டுக் கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. 600க்கு எத்தனை?"

பந்தலே அமைதியாகி விட்டது.

"மார்க் இன்னும் வரலே சார்."

"மார்க் வராமலா பட்டம் கொடுத்தான்?"

தையல் கடை பாய் சிரித்து விட்டார். "கல்யாணச் சாப்பாடு போட்டாச்சு, மாப்பிள்ளை இன்னும் வரலேன்னு சொல்ற மாதிரி இருக்கே!"

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் தங்கை எழுந்தார். மகளுக்கு அத்தை. தூத்துக்குடியிலிருந்து வந்தவர்.

"பட்டம்தான் வாங்கியாச்சுல்லா அண்ணேன், இனி என்ன? ஜாதகத்தை எடுத்துக் குடு. நல்ல இடம் ஒண்ணு இருக்கு" என்றார்.

தொப்பியைக் கழற்றினாள் மகள். உள்ளே போய் விட்டாள்.

மார்க் ஏன் வரவில்லை?

விஷயம் இதுதான்.

ஐ.பி. என்ற அமைப்பு 1968ல் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் தொடங்கியது. நாடு விட்டு நாடு மாறிப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு எந்த நாட்டுக் கல்லூரியிலும் செல்லும்படியான ஒரு படிப்பு வேண்டும் என்று தொடங்கினார்கள். 11, 12 வகுப்புகளுக்குச் சமமான 2 வருடப் படிப்புக்குத்தான் டிப்ளமா என்று பெயர். நம் ஊர் பாலிடெக்னிக் டிப்ளமா வேறு, இது வேறு!

இதில் 6 பாடங்கள். வழக்கமாக 3 பாடம் உயர்நிலை, 3 பாடம் சாதாரண நிலை. ஒவ்வொரு பாடத்துக்கும் 7 பாயிண்ட். ஆக 42. அது போக, சொந்தமாக ஆராய்ந்து 4 ஆயிரம் வார்த்தைகள் வரை ஒரு கட்டுரை எழுத வேண்டும். 'அறிவு என்றால் என்ன, அது எப்படி வருகிறது' என்று ஒரு தனிப் பாடமும் உண்டு. இந்த இரண்டுக்கும் சேர்த்து 3 பாயிண்ட். மொத்தம் 45. விளையாட்டு, கலை, சமூக சேவையும் கட்டாயம். ஆனால் அதற்குப் பாயிண்ட் கிடையாது. செய்யாவிட்டால் டிப்ளமா கிடையாது!

தேர்ச்சி பெறக் குறைந்தது 24 பாயிண்ட் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

பெரும்பாலான பள்ளிகளில் பரீட்சை மே மாதம்தான். விடைத்தாள்கள் பல நாடுகளில் உள்ள ஆசிரியர்களுக்குத் திருத்தப் போகின்றன. முடிவு வருவது ஜூலை முதல் வாரத்தில். பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் ஊருக்குப் போய் விடுவார்கள் அல்லவா? அதனால் பட்டமளிப்பு விழாவைப் பள்ளி முன்கூட்டியே நடத்தி விடுகிறது. அது பள்ளியை முடித்ததற்கான விழா. மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நம் ஊரில் 1978ல் பிளஸ் 2 வந்தபோது, "பி.யு.சி. எங்கே போச்சு? இது பள்ளிக்கூடமா, காலேஜா?" என்று கேட்டவர்கள்தானே நாம்!

40 ஆயிரம் ரூபாய்

சிரிப்போடு முடிந்திருந்தால் இது செய்தியே இல்லை. அண்ணாச்சி வீட்டில் அந்த ஜூன் மாதம் யாருக்கும் தூக்கம் இல்லை.

வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று மகளுக்கு இடம் தருவதாக எழுதியிருந்தது. கட்டணம் முழுவதும் உதவித்தொகை. ஆனால் ஒரு நிபந்தனை. பரீட்சையில் 36 பாயிண்ட் எடுக்க வேண்டும். "நிச்சயம் எடுப்பாள்" என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள்.

இங்கே சென்னையில் நிலைமை வேறு. பிளஸ் 2 முடிவு மே மாதமே வந்து விடுகிறது. கல்லூரிகளில் ஜூன் மாதத்துக்குள் பெரும்பாலான இடங்கள் நிரம்பி விடுகின்றன. ஜூலையில் மார்க் வாங்கிக் கொண்டு போனால் யார் இடம் வைத்திருப்பார்கள்?

மகள் சென்னையில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாள். பொருளாதாரப் பாடம். ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த மார்க்கைப் பார்த்துக் கல்லூரியில் தற்காலிக இடம் தர ஒப்புக் கொண்டார்கள். ஆனால் 10 நாளில் 40 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும்.

"வெளிநாடு கிடைச்சா இந்த 40 ஆயிரம் தண்டம். கிடைக்கலேன்னா இடம் இல்லை. நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. "கடைக்குச் சரக்கு எடுக்கவே பணம் புரட்டுற நேரம் சார் அது."

அத்தை விடவில்லை. தினமும் போன். "மாப்பிள்ளை வீட்டிலே கேக்காங்க" என்றார். "இடம் கிடைக்காம பிள்ளை ஒரு வருஷம் வீட்டிலே சும்மாவா இருக்கும்? பேசி முடிச்சிருவோம்."

கடைசி நாளுக்கு முதல் நாள் ராத்திரி. கடை சாத்தும் நேரம். மகன் ஒரு கவரை எடுத்துக் கல்லாவில் வைத்தான்.

"என்னலே இது?"

"வண்டி வாங்கச் சேர்த்தது. 43 ஆயிரம் இருக்கு. காலையிலே போய்க் கட்டுங்க."

"அவதான் வெளிநாடு போயிருவாளே!"

"போனா போகட்டும். போகலேன்னா என் தங்கச்சி தெருவிலே நிக்கக் கூடாதுப்பா."

மறுநாள் காலை பணம் கட்டப்பட்டது.

ஜூலை வந்தது

முடிவு வரும் நாள். மகளிடம் ரகசிய எண் இருந்தது. செல்போனில் அதைத் தட்ட வேண்டும். கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் எல்லோரும் நின்றார்கள். ஆச்சி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து கொண்டார்.

மகள் தட்டினாள். பார்த்தாள். போனை அண்ணனிடம் கொடுத்தாள்.

34.

இரண்டே இரண்டு பாயிண்ட்! கணக்கில் ஒன்று, அந்த 4 ஆயிரம் வார்த்தைக் கட்டுரைப் பக்கம் ஒன்று.

வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதிப் பார்த்தாள். இடம் வேண்டுமானால் தரலாம், உதவித்தொகை இல்லை என்று பதில் வந்தது. உதவித்தொகை இல்லாத இடம் அண்ணாச்சிக்கு எதற்கு?

மறு மதிப்பீடு கேட்கலாம். அதற்குப் பணம் கட்ட வேண்டும். மார்க் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். நவம்பரில் மறுபடி பரீட்சை எழுதலாம். ஆனால் ஒரு வருடம் போய் விடும்.

"ஒரு நாள் முழுக்க அழுதேன்" என்று மகள் நம்மிடம் கூறினாள். "மறுநாள் அண்ணன் கடையிலே நிக்கிறதைப் பார்த்தேன். காலேஜ் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போயிட்டேன்."

சேர்ந்தது எப்படி?

இந்த டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் 2வுக்குச் சமமாக ஒப்புக் கொண்டிருக்கிறது. டெல்லியில் உள்ள அந்தச் சங்கத்துக்கு விண்ணப்பித்தால் சமநிலைச் சான்றிதழ் தருவார்கள். கல்லூரியில் அதைத்தான் கேட்டார்கள். மகள் விண்ணப்பித்து விட்டாள். அது வரும் வரை வகுப்பில் உட்கார அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது:-

வாசல் போர்டில் 'இன்டர்நேஷனல்' என்று போட்டிருந்தால் மட்டும் அது சர்வதேசப் படிப்பு ஆகிவிடாது. அப்படிப் பெயர் வைத்த பல பள்ளிகளில் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடம்தான். அதில் தவறில்லை. ஆனால் ஐ.பி.யா, கேம்பிரிட்ஜா, சி.பி.எஸ்.இ.யா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு விட வேண்டும்.

என்ஜினீயரிங், மருத்துவம் என்று நினைத்தால் அதற்கு வேண்டிய பாடங்களை 11ம் வகுப்பிலேயே எடுத்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு எந்தப் பள்ளியில் படித்தாலும் 'நீட்' எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிவு ஜூலையில்தான் வரும். வெளிநாட்டுக் கனவு எவ்வளவு பெரிதானாலும், உள்ளூரில் ஒரு இடம் கையில் இருக்கட்டும்.

பலகையில் எழுத்து

கல்லூரி திறந்து விட்டது. மகள் காலை 6 மணிக்குக் கடையில் உட்கார்ந்து பால் பாக்கெட் கொடுக்கிறாள். 8 மணிக்கு பஸ் பிடிக்கிறாள். மலை மேல் கூடப் படித்த பிள்ளைகள் பல நாடுகளுக்குப் போய் விட்டார்கள். ராத்திரியில் அவர்களோடு போனில் பேசுகிறாள். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மூணு வருஷம் கழிச்சு மேல்படிப்புக்கு மறுபடி எழுதிப் போடுவேன்" என்கிறாள்.

அத்தைக்கு அண்ணாச்சியே போன் போட்டார். "பிள்ளை காலேஜிலே சேர்ந்தாச்சு. 3 வருஷம் கழிச்சுப் பேசிக்கிடுவோம்" என்றார். அதோடு போனை வைத்து விட்டார்.

இப்போது தெருவில் புது ரகளை. யாரோ "அண்ணாச்சி மகள் 34 மார்க்காம்" என்று சொல்லி விட்டார்கள். 35 எடுத்தால்தானே நம் ஊரில் பாஸ்! "பாவம், ஒரு மார்க்கிலே போச்சே" என்று இரண்டு பெண்கள் கடைக்கே வந்து துக்கம் விசாரித்தார்கள்.

எதிர் வீட்டு ரிட்டையர்டு குமாஸ்தா உட்கார்ந்து கணக்குப் போட்டார். "நம்ம சதவீதம் மாதிரி அப்படியே மாத்த முடியாதுய்யா. உலகம் பூரா எழுதினவங்களுக்கே சராசரி 30ஐ ஒட்டித்தான் வருது. இவ 34. அந்தக் காலத்து பர்ஸ்ட் கிளாஸ்னு வெச்சுக்கோ" என்று தெருவுக்கே தீர்ப்புச் சொன்னார்.

ஆனாலும் கேட்பவர்கள் கேட்டுக் கொண்டேதான் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு அலுத்து விட்டது.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினம் காலையில் அதில் சாக்பீசால் விலை எழுதுவது மகன் வேலை. போன திங்கட்கிழமை நாம் போனபோது பார்த்தோம். துவரம் பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி:

"பாப்பா மார்க் 45-க்கு 34. பாஸ்."